ஆறிய பிறகு வந்த நீலம்

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். என் பயம் இன்னும் ஓய்வு பெறவில்லை. குசினியில் கேத்தலின் மூடி தடதடவென்று அடித்தால், கையில் இருக்கும் பத்திரிகையைப் போட்டுவிட்டு எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் கதிரையில் மறுபடி இருப்பேன். மனைவிக்கு இது பகிடி. "தேத்தண்ணிக்குத்தான் சுடுதண்ணி கொதிக்குது, கப்பல் ஓடப் போறேல்ல" என்பாள். நான் பயந்தாங்கொள்ளிதான். அதை ஒளித்துவைக்கிற வயதும் போய்விட்டது.

போன மாதம் துறைமுக வேலைத்தலத்து இரசாயன லாபிலிருந்து இப்போதைய உதவியாளர்கள் இரண்டு பேர் என்னைப் பார்க்க வந்தார்கள். பொயிலர் என்கிற நீராவிக் கொதிகலனைக் கழுவ வெளிநாட்டுச் சாமான் தாராளமாக வருகிறதாம், எல்லாம் பீப்பாவில் கலந்தே வருகிறதாம், அவர்கள் வாலை, அதாவது வால்வை, திறந்து விட்டால் போதுமாம். ஆனாலும் ஒரு பழைய வழக்கம் விடாமல் இருக்கிறது என்றார்கள். பொயிலர் வேலை தொடங்கும் முன் எல்லோரும் வட்டமாக நின்று, எதற்குப் பயம் என்று ஒவ்வொருவராகச் சொல்லவேண்டும். "இது நீங்கள் தொடங்கின கூத்தாமே, நாதன் அண்ணை?" என்று ஒருவர் கேட்டார். நான் தொடங்கியதல்ல என்றேன். யார் தொடங்கியது என்று சொல்லப் போனால் முழுக் கதையும் சொல்லவேண்டி வந்தது. அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போன அடுத்த வருடம் நான் துறைமுக வேலைத்தலத்தில் சேர்ந்தேன். அவர்கள் விட்டுப்போன கட்டடம் ஒன்றில், கடலைப் பார்த்த இரண்டு அறைகள்தான் லாப். முதல் சில வருடங்கள் போத்தல் கழுவினேன், தராசு துடைத்தேன், அசிட் ஊற்றப் பழகினேன். தண்ணீருக்குள்தான் அசிட்டை ஊற்றவேண்டும், அசிட்டுக்குள் தண்ணீரை ஊற்றக்கூடாது. அந்தப் பாடம் என் இடது முழங்கையில் தழும்பாக இருக்கிறது. பயிற்சியைப் பற்றிச் சொல்ல வேறு பெரிதாக ஒன்றும் இல்லை.

எங்கள் பெரிய வேலை பொயிலர் கழுவுவது. கப்பல்களைக் கட்டி இழுக்கும் டக் படகுகள் அப்போது நீராவியில் ஓடின. நாள்போக்கில் பொயிலருக்குள் சுண்ணாம்புப் படை கட்டும். அதைக் கரைக்க ஐதரோகுளோரிக் அசிட்டைத் தண்ணீரில் கலந்து, சூடாக்கி, பொயிலரின் வயிறு நிறைய விட்டு வைப்போம். அசிட்டுக்குப் படை எது இரும்பு எது என்று தெரியாது. படையைத் தின்று முடித்ததும் இரும்பில் கைவைக்கும். அதைத் தடுக்க வெளிநாட்டிலிருந்து ஒரு மருந்து வரும். மண்ணிறம், அழுகின மீனின் மணம். அசிட்டோடு கலந்தால் அது போய் இரும்பின் மேல் ஒட்டிக்கொள்ளும். படை கரையும், இரும்பு தப்பும்.

மருந்து இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று ஒருமுறை கண்டிருக்கிறேன். யாரோ ஒரு பம்பின் குழாயை மருந்து போடாத அசிட் தொட்டியில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அடுத்த நாள் நான் அதைத் தூக்கினேன். தேத்தண்ணியில் தோய்த்த பிஸ்கட் போல அது என் கையிலேயே பிய்ந்து விழுந்தது. அதன் பிறகு எந்தப் பொயிலருக்குப் பக்கத்தில் போனாலும் அந்தக் குழாய்தான் நினைவுக்கு வரும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் புனிதவதி மிஸ் எங்கள் இரசாயன அதிகாரியாக வந்தார். மட்டக்களப்புப் பக்கத்தவர், கொழும்பில் பட்டம் பெற்றவர், என்னைவிடப் பத்து வயது குறைவு. வெள்ளைக்காரன் விட்டுப்போன றப்பர் சப்பாத்து ஒரு சோடி களஞ்சியத்தில் கிடந்தது. அளவு பெரிது. உள்ளே பத்திரிகைத் தாளை அடைத்து, சேலையைக் கணுக்காலுக்கு மேலே செருகிக்கொண்டு, அதைப் போட்டுத்தான் வேலைக்கு இறங்குவார். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஒரு வாலைப் பூட்டியாயிற்று என்று சொன்னால் நம்பமாட்டார், தானே போய்த் தொட்டுத் திருகிப் பார்ப்பார். எங்களைச் சந்தேகப்படுகிறார் என்று முதலில் கோபம் வந்தது. பிறகு பார்த்தால், தான் பூட்டின வாலையும் அப்படியேதான் இரண்டாம் தரம் போய்த் தொட்டார்.

அவருடைய முதல் பொயிலர் வேலையன்று எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"வேலைக்கு முதல் ஆளாளுக்கு எதுக்குப் பயம் எண்டு சொல்லுங்க" என்றார்.

ஆம்பிளைகள் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"சரி, நானே முதல்ல சொல்றன். எனக்கு அந்த மேல் வாலுக்குப் பயம். அதை ஆரும் திறந்து பாத்த மாதிரித் தெரியேல்ல."

இயந்திரம் பூட்டும் பிட்டர் ஒருவர் ஏறித் திறந்து பார்த்தார். வால் இறுகிப்போய் அசையவில்லை. அசிட் பொங்கும்போது காற்று வெளியேற அது ஒன்றுதான் வழி. அசிட் விட்ட பிறகு கண்டுபிடித்திருந்தால் எங்கள் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். அதன் பிறகு வட்டத்தை யாரும் பகிடியாக எடுக்கவில்லை, ஒருவரைத் தவிர.

அந்த ஒருவர் ஹனிபா. டக்கின் ஃபயர்மன், அதாவது பொயிலருக்கு நேர் முன்னால் நின்று அடுப்பைப் பார்க்கிற ஆள். கிண்ணியாவிலிருந்து நாளும் வருவார். அந்தக் காலத்தில் கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை. ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி அக்கரை சேர்க்கிற பாதை என்ற மிதவைதான். வட்டத்தில் அவருடைய முறை வரும்போதெல்லாம் ஒரே பதில்தான்.

"கடைசிப் பாதைய விட்டிருவன் எண்டுதான் மிஸ் பயம். விட்டா என்ட பொஞ்சாதி சோத்தப் பூனைக்கு வெச்சிருவா."

மிஸ் சிரிக்கமாட்டார். "சரி, அடுத்த ஆள்" என்பார். ஹனிபா எனக்குக் கண்ணடிப்பார். எங்கள் இருவருக்கும் பன்னிரண்டு வருடச் சிநேகம். அவர் வீட்டு நோன்புக் கஞ்சி எனக்கும், என் வீட்டுப் பொங்கல் அவருக்கும் தவறாமல் போகும்.

பிறகு வெளிநாட்டுச் சாமான்கள் நின்றுபோன காலம் வந்தது. மருந்துப் பீப்பா வரவில்லை. மூன்று டக்கில் இரண்டு ஏற்கெனவே படுத்துவிட்டன. மூன்றாவதின் பொயிலரில் படை கட்டி, எரிபொருளை விழுங்கிக்கொண்டு நீராவி தராமல் போனதால் அதுவும் சில மாதங்களாகச் சும்மா நின்றது. மாவுக் கப்பல் ஒன்று இழுத்துவர டக் இல்லாமல் துறைமுக வாயிலுக்கு வெளியே காத்திருந்தது. ஊரில் பாணுக்கு வரிசை நின்ற நாட்கள் அவை.

பழைய கடற்படை ஆஸ்பத்திரிக் களஞ்சியத்தில் பொட்டாசியம் அயடைட் போத்தல்கள் கிடந்தன. அதைக் கண்டதும் மிஸ்ஸின் முகம் மாறியது. றப்பர் தோட்டங்களில் பால் உறையாமல் வைத்திருக்கப் பாவிக்கும் சாமான்களிலிருந்து அவர் மருந்துக்குப் பதிலாக ஒரு வெள்ளைத் தூள் தயாரித்திருந்தார். தனியாகப் போட்டால் அந்தத் தூள் இரும்பில் நிற்கவில்லை.

பரிசோதனையை என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் செய்தார். நகத்தளவு அகலத்தில் வெட்டிய தகட்டுத் துண்டு ஒன்றை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நிறுத்து, வயர் கட்டி அசிட்டுக்குள் தொங்கவிட்டார். இன்னொரு வயர் பக்கத்தில் இருந்த வெள்ளிக் கம்பிக்குப் போனது. நடுவில் ஊசி வைத்த மீட்டர். தகட்டைச் சுற்றி நுரை பொங்கியது, ஊசி ஆடிக்கொண்டே இருந்தது. ஒரு சிட்டிகை அயடைட்டைப் போட்டார். பொங்கல் தணிந்தது. பிறகு வெள்ளைத் தூள். நுரை நின்று, அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் குமிழி வந்தது. ஊசி இடம் மாறிப் போய் ஒரே இடத்தில் நின்றது.

"இவ்வளவு சின்னச் சிட்டிகை முழுத் தகட்டையும் எப்பிடி மிஸ் மூடும்?" என்று கேட்டேன்.

"அது குவிஞ்சு கிடக்காது, நாதன் அண்ணன். ஒரு வரிசைதான். பந்தியில ஆக்கள் இருக்கிற மாதிரிப் பக்கத்தில பக்கத்தில ஒழுங்கா இருக்கும். அசிட்டுக்குள்ளயே குளோரைட் கிடக்கு, அதுவும் போய் இருக்கும்தான். ஆனா அது இறுக்கி இருக்காது, எழும்பி எழும்பி இருக்கும். விட்ட இடத்தில குழி தோண்டும். அயடைட் வந்தா குளோரைட் எழும்பி இடம் குடுத்திரும். அயடைட் இருந்தாத்தான் அதுக்கு மேல மற்றத் தூளும் வந்து ஒட்டும்."

"அயடைட் எழும்பினா?"

"எல்லாம் எழும்பிரும்" என்றார். அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை.

டக்கில் வேலை தொடங்கிய காலையில் வட்டம் நின்றது. அன்று மிஸ் நீளமாகச் சொன்னார். "எனக்குக் கறளுக்குப் பயம். பொயிலர் மாசக்கணக்கா ஈரத்தில துருப்பிடிச்சுக் கிடந்திருக்கு. கறள் அசிட்டில கரைஞ்சா அது அயடைட்டைப் பிடிச்சு அயடினா மாத்திப்போடும். அயடின் இரும்பில காவலுக்கு இருக்காது. அந்த நேரத்தில இருந்து அசிட் இரும்பைத் திங்கும், வெளியில நிக்கிற எங்களுக்குத் தெரியாது."

தெரிந்துகொள்ள ஒரு வழி வைத்திருந்தார். அயடின் இருந்தால் மாப்பொருளில் நீலம் காட்டும். லாபில் மாப்பொருள் முடிந்திருந்ததால், என் மனைவி தம்பலகாமத்து வெள்ளை அரிசியில் வடித்த கஞ்சித் தண்ணீரைப் போத்தலில் கொண்டுபோயிருந்தேன். நேரத்துக்கு நேரம் பொயிலரின் சிறு குழாயைத் திறந்து, கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் பிடித்து, இரண்டு துளி கஞ்சி விட்டுப் பார்க்கவேண்டும். நீலம் வந்தால் உடனே எல்லாவற்றையும் வடிக்கவேண்டும். லாபில் பலமுறை செய்து பார்த்திருந்தோம், ஒருமுறையும் பிழை வரவில்லை.

என் பயத்தைக் கேட்டார்கள். பிய்ந்து விழுந்த குழாயைச் சொன்னேன். ஹனிபா பாதையைச் சொன்னார்.

அசிட் ஏறியது. முதல் மாதிரியைப் பிடித்தேன், கஞ்சி விட்டேன். மஞ்சள்தான், நீலம் இல்லை. குழாயைப் பொயிலரின் சூட்டோரம் இருந்த மரத் தாங்கியில் சொருகி வைத்தேன். இரண்டாவது, மூன்றாவது, நாலாவது, ஒன்றிலும் நீலம் இல்லை. ஒவ்வொன்றையும் மிஸ் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, "நல்லது" என்றார். அவர் தோள் கொஞ்சம் இறங்கியதை அன்றுதான் கண்டேன். ஹனிபா பொயிலரின் வயிற்றில் தட்டி, "பிள்ளத்தாச்சிக்கு ஒண்டுமில்ல" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

மத்தியானத்துக்குப் பிறகு, புதிதாகப் பிடித்த மாதிரியை மிஸ்ஸுக்குக் காட்டிவிட்டு, தாங்கி நிறைந்துவிட்டதே, பழையவற்றைக் கழுவுவோம் என்று சாப்பாட்டு நேரத்தில் மேல்தட்டு நிழலுக்கு ஏற்றி வைத்திருந்த தாங்கியிடம் ஏறிப் போனேன். குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

முதல் குழாய் நீலம். மை ஊற்றிய மாதிரி நீலம். பக்கத்தில் இருந்ததும் நீலம். அதற்குப் பக்கத்தில் இருந்ததும். யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று நினைத்தேன், அப்படி நினைக்கத்தான் மனம் விரும்பியது. கையில் இருந்த கடைசிக் குழாய் மட்டும் மஞ்சளாக, விரலைச் சுட்டுக்கொண்டு இருந்தது. கடல் காற்று அடித்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கவே அதன் அடியில் ஒரு நீல நிழல் வந்தது. பிறகு மெல்ல மெல்ல மேலே ஏறியது. 

எப்படி ஏணியால் இறங்கினேன் என்று தெரியாது. தாங்கியை மிஸ்ஸின் முன்னால் வைத்தேன். அவர் ஒரு குழாயை எடுத்தார். பார்க்கவில்லை, உள்ளங்கையால் பொத்திப் பிடித்தார்.

"ஆறிற்று" என்றார். பிறகு, "சூடா இருக்கேக்க நீலம் தெரியாது, நாதன் அண்ணன். படிச்சனான். லாபில ஆறின அசிட்டில செய்தபடியா எனக்கு அது நினைவிலயே வரேல்ல."

உடனே வடிக்கச் சொல்வார் என்று நினைத்தேன். முதலில் ஒரு பேணியில் குளிர்ந்த தண்ணீர் கேட்டார். புது மாதிரி ஒன்றைப் பிடித்து, அந்தப் பேணிக்குள் குழாயை நிறுத்தி ஆறவைத்து, கஞ்சி விட்டார். விட்ட துளி விழுந்த இடத்திலேயே நீலமானது. நிழலில் இருந்து பழசாகிப்போனதால் வந்த நீலம் இல்லை என்று அதன் பிறகுதான் ஒப்புக்கொண்டார்.

"வடியுங்க. உள்ளயிருந்து எரியிற வாயு வரும், நெருப்பு ஒண்டும் கிட்ட வேண்டாம், பீடியும் வேண்டாம்."

ஹனிபா ஓடிப் போய் அடி வாலைத் திறந்தார். நான் பொயிலரின் தகட்டில் பழந்துணியை மடித்து வைத்துக் காதை வைத்தேன். உள்ளே இரைச்சல், தூரத்தில் மழை பெய்வது போல. காலையில் அது இருக்கவில்லை. எப்போது தொடங்கியது, எத்தனை மணி நேரமாக இரும்பைத் தின்கிறது, நாங்கள் எந்த நேரத்தில் சிரித்துக்கொண்டிருந்தோம் என்று ஒருவருக்கும் தெரியாது. வடித்தோம், தண்ணீரால் கழுவினோம், சலவைச் சோடா விட்டுக் கழுவினோம். 

அடுத்த நாள் பொயிலரைக் குளிர்ந்த தண்ணீரால் நிரப்பிப் பம்பினால் அழுத்தம் ஏற்றினார்கள். எங்கும் கசியவில்லை, மீட்டர் ஊசி இறங்கவில்லை. பிரதம எஞ்சினியர் இராசநாயகம் ஐயா வந்து பார்த்தார். கெட்ட மனுசனல்ல, ஆனால் மாவுக் கப்பல் அவர் தலையில் நின்றது.

"பிடிச்சு நிக்குதுதானே மிஸ்? பிறகென்ன? நாளைக்கு நெருப்பு மூட்டுவம்."

"ஏலாது ஐயா. பச்சைத் தண்ணிக்கு நிக்கிறது கொதிக்கிற ஆவிக்கும் நிக்கும் எண்டு சொல்ல ஏலாது. பொயிலருக்குள்ள ஓடுற குழாய்கள்ல ஒண்டை வெளியில எடுத்துப் பாப்பம்."

"ஒண்டை உருவினால் திருப்பிப் போட ரெண்டு நாள். அங்க ஊர் பாணுக்கு நிக்குது. பிழை உங்கட பக்கத்திலதானே நடந்தது?"

"ஓம், என்ட பிழைதான். அதனாலதான் கேக்கிறன்."

மிஸ் எங்களை வட்டமாக நிற்கச் சொன்னார். பொயிலர் அறையில், ஐயாவையும் வைத்துக்கொண்டு. இது ஒரு பெரிய அதிகாரியிடம் கேட்கிற கேள்வியா?

முதலில் மிஸ் சொன்னார். "எனக்கு என்ட கண்ணுக்குப் பயம். நேத்து முழுக்க நல்லது எண்டு சொன்ன கண் இது." நான் இரைச்சலைச் சொன்னேன். அடுத்தது ஹனிபா. எல்லோரும் பாதைக் கதையை எதிர்பார்த்தோம்.

ஹனிபா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "எனக்கு இதுக்கு முன்னால நிக்கப் பயம், மிஸ்" என்றார். "நில்லுங்க எண்டா நிப்பன். வேற வழி இல்ல, நாலு புள்ள. ஆனா கேட்டீங்க, சொல்றன். பயமா இருக்கு."

பன்னிரண்டு வருடத்தில் அவர் பகிடி விடாமல் பேசியதை நான் கேட்டதில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்கு ஏலாமல் போயிற்று. எல்லோரும் ஐயாவைப் பார்த்தோம். அவர் லேஞ்சியை எடுத்து நெற்றியைத் துடைத்தார், கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி நெற்றியைத் துடைத்தார்.

"எனக்குக் கொழும்புக்குப் பயம்" என்றார் கடைசியில். "மேலிடத்துக்கு. காலமை ரெண்டு தரம் போன் வந்திட்டுது."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஐயாவே, "ஒண்டு மட்டும் உருவுங்கோ" என்றார்.

எதை உருவுவது என்று பிட்டர் கேட்டார். மிஸ் ஹனிபாவிடம் திரும்பினார். "அடுப்பைப் பாக்கேக்க உங்கட முகம் எதுக்கு நேர வரும்?" ஹனிபா தான் வழக்கமாக நிற்கிற இடத்தில் போய் நின்று, கையை நீட்டி, நேரே இருந்த குழாயைத் தொட்டார்.

அதைத்தான் உருவினார்கள். வெளியே கொண்டுவந்து வெயிலில் போட்டு, நான் துணியால் துடைத்தேன். பார்வைக்கு நல்ல குழாய்தான். ஆங்காங்கே மிளகளவில் கறுத்த குழிகள். ஒன்றின் மேல் என் பேனாக்கத்தியின் நுனியை வைத்து மெல்ல அழுத்தினேன். கடதாசியில் இறங்குவது போல இறங்கியது. மிஸ் குழாயின் வாயில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, ஐயாவிடம் கொடுத்தார். ஐயாவும் பார்த்துவிட்டு ஹனிபாவிடம் கொடுத்தார். கடைசியில் நானும் பார்த்தேன். உள்ளே இருட்டு, இருட்டின் நடுவில், கத்தி இறங்கின துளையால், ஒரு பொட்டு வெயில்.

ஹனிபா போய்க் கயிறு கட்டும் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் போய் இருந்தேன். அவர் என் தோளில் கையைப் போட்டார்.

மாவுக் கப்பல் காத்திருந்தது. மாவைச் சிறு தோணிகளில் இறக்கினார்கள், ஊர் சில நாள் எங்களைத் திட்டியது. படுத்துக் கிடந்த டக் ஒன்றிலிருந்து நல்ல குழாய்களைக் கழற்றி, ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, இதில் பூட்டினோம். கொழும்பிலிருந்து விளக்கம் கேட்டார்கள். பிழைக்குப் பொறுப்பு என்று மிஸ் தன் பெயரை மட்டும் எழுதி அனுப்பினார். அடுத்த வருடம் அவரை வேறெங்கோ மாற்றினார்கள். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் பயந்தேன். ஆனால் அதற்கு முதல், மறுபடி நெருப்பு மூட்டிய அந்தக் காலையை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

வட்டம் நின்றது. யாரும் கூப்பிடாமலே இராசநாயகம் ஐயாவும் வந்து நின்றார். மிஸ் தன் பயத்தைச் சொன்னார், நான் என்னுடையதைச் சொன்னேன், ஐயாவும் சொன்னார். ஹனிபாவின் முறை வந்தது. அவர் பொயிலரை மேலும் கீழுமாக ஒருதரம் பார்த்தார். தொப்பியைத் தலையில் அழுத்தி வைத்தார்.

"கடைசிப் பாதைய விட்டிருவன் எண்டுதான் மிஸ் பயம்."

மிஸ் அன்றும் சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பயம் போதும், ஹனிபா" என்றார். "மூட்டுங்க."